மூச்சு வாங்கிய இடங்கள்

மார்ச் 1, சனி

வீடு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. விட்டுவிடுகிறேன்.

மாடிப்படி ஏறக் கொஞ்சம் நேரமாயிற்று. படி திரும்பும் இடத்தில் மாட்டியிருக்கும் மாதா படம் கோணலாகத் தெரிந்தது, நின்று சரிசெய்தேன். பின்னால் வந்த ஆக்னஸ், "படம் நேராத்தானேம்மா இருக்கு" என்றாள். சென்னையில் குடியிருக்கும் என் மகளுக்கு எல்லாம் நேராகத்தான் தெரியும்.

நெஞ்சு டாக்டர் சின்னப் பெண். கழுத்தில் சங்கிலிகூட இல்லை. "லங்ஸ்ல போனது போனதுதாம்மா. அதை என்னால திருப்பித் தர முடியாது. கால் மட்டும் இன்னும் உங்க கையில இருக்கு" என்றாள். காலைக் கையில் வைப்பது எப்படி என்று கேட்டிருப்பேன். மூச்சு இல்லை.

தினமும் நடக்க வேண்டுமாம். மூச்சு வாங்கினால் நின்று, அடங்கிய பின் மறுபடி நடக்க வேண்டுமாம். இந்த நோயில் நடக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவது குறைவு என்றாள். மூச்சுக்குப் பயந்து உட்கார்ந்துவிடுகிறவர்களுக்குக் கால் வற்றிவிடும், பிறகு குளியலறைக்குப் போகவே இளைக்கும் என்றாள்.

"வீட்ல யாராவது ஸ்மோக் பண்ணுவாங்களா? முன்னாடி யாராவது?"

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் கிடையாது" என்றேன். ஆக்னஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுடைய பன்னிரண்டாவது மாடிக்கு என்னைக் கொண்டுபோய்விடப் பார்க்கிறாள். லிஃப்ட் இருக்கிறது, எல்லாச் சாமானும் வாசலுக்கே வரும், நான் எழுந்திருக்கவே வேண்டாம் என்கிறாள். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஈஸ்டர் வரை கெடு வாங்கியிருக்கிறேன். அதற்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தால் அவளோடு போய்விட வேண்டும். படுக்காவிட்டால் பாளையங்கோட்டையில், என் வீட்டில், நான்.

மார்ச் 3, திங்கள்

ஆக்னஸ் ஊருக்குப் போனதும் நடையைத் தொடங்கிவிட்டேன். காலைப் பூசைக்குக் கோயில்வரை போய் வருவது என்று தீர்மானம். மிக்கேல் தெரு முழுக்க நடந்து, ரேஷன் கடை ஏற்றத்தில் ஏறினால் கோயில். நாற்பது வருஷமாகப் போகிற வழி.

சுடலையின் சைக்கிள் கடை வரைதான் போக முடிந்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல் ஆயிற்று. நடுத்தெருவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது வண்டி மாட்டுக்குத்தான் பொருந்தும். நான் தாசில்தார் இன்னாசிமுத்துவின் மனைவி. இந்தத் தெருவே என்னைத் தாசில்தாரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. எனவே கடைச் சுவரைப் பார்த்தேன். எண்ணெய்க் கறையும் வெற்றிலை எச்சிலும் கண்ணராவியாக இருந்தன. மூச்சு அடங்கும்வரை அதையே பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு பொருளைக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டு நிற்பவளிடம் ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. இதை இத்தனை வயதில்தான் கற்றேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

தவக்காலம் ஆரம்பம். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். தூபக்கால் புகை வருமுன் பக்கவாசல் வழியாக வெளியே வந்து, கொடிமரத்தைப் பார்த்தேன்.

மார்ச் 8, சனி

மூச்சை விடும்போது உதட்டைக் குவித்து, எரிகிற மெழுகுவத்தி அணைந்துவிடாதபடி ஊதுவதுபோல் மெல்ல விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பையன் சொல்லியிருந்தான். பலன் இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் பார்த்தேன், சீட்டியடிப்பதுபோல் இருக்கிறது. எங்கள் கான்வென்டில் சீட்டியடித்த பெண்ணை மதர் சுப்பீரியர் மணற்பரப்பில் முட்டி போட வைத்தார். ஆகவே முந்தானையை முக்காடாக இழுத்து, வாய்வரை மறைத்துக்கொண்டு ஊதுகிறேன். பூசைக்குப் போகிறவள் முக்காடு போடுவதில் அதிசயம் இல்லை.

நிற்கும் இடங்கள் தானாகவே அமைந்துவிட்டன. சைக்கிள் கடைச் சுவர், சாக்கடைத் திருப்பம், டிரான்ஸ்ஃபார்மர், முருங்கை மரம், ஏற்றத்தில் இரண்டு மூன்று. இன்று சுடலை என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"தப்பா ஏதும் நடந்துட்டாம்மா? நித்தமும் நம்ம கடையவே பாக்கிய."

பதில் சொல்ல மூச்சில்லை. சுவரைக் காட்டித் தலையை அசைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

சைக்கிள் கடைச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறான்.

மார்ச் 13, வியாழன்

காலஞ்சென்ற என் கணவரின் அறைத் திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டேன். பாக்கியமேரி எதிர்வீட்டுக்காரி, மாவரைத்து விற்கிறாள். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கும் அவள்தான் தலைவி. ஒத்தாசைக்கு வந்திருந்தாள். வாளியை எட்டிப் பார்த்து, "எம்மா, தண்ணி டீ மாதிரில்லா எறங்குது! சாமி படத்துக்குப் பொறத்தால சுவரும் இதே நெறம்" என்றாள்.

பழைய துணி சாயம் போகும் என்றேன்.

"வெள்ளத் துணிக்கு என்னம்மா சாயம்?"

வேலை முடிந்தது, போய்வா என்று அனுப்பிவிட்டேன். சில பெண்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆக்னஸ் பேசினாள். நடக்கிறேன், சாப்பிடுகிறேன், படியேறுகிறேன் என்றேன். பேச்சு எப்படியோ அவளுடைய அப்பாவிடம் போயிற்று. "அம்மா, டாக்டர்கிட்ட உண்மையச் சொல்றதால அப்பா கெட்டவர் ஆயிட மாட்டார்" என்றாள். சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பாயசம் வைத்தேன். முருங்கை மரத்தில் இன்று நிற்கவில்லை.

மார்ச் 22, சனி

பாக்கியமேரி வழியில் சேர்ந்துகொண்டாள். எனக்கு நடந்துகொண்டே பேச வராது. அவளுக்குப் பேசாமல் நடக்க வராது. டிரான்ஸ்ஃபார்மர் அருகில் நின்று முக்காட்டை இழுத்துக்கொண்டேன். அவளும் நின்று, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். நான் நடந்ததும் நடந்தாள். ஏற்றத்தில் நின்றதும் மறுபடி கைகூப்பினாள்.

"இங்கனயுமாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

தலையை ஆட்டினேன். நிற்கிறேன் என்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?

"எனக்கு அப்பவே தெரியும்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் மனசுக்குள்ள வச்சிக்கிடுதேன்" என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்கப் பயமாக இருந்தது.

மார்ச் 26, புதன்

காய்ச்சல். சளி மஞ்சளாக வருகிறது. இப்படி வந்தால் சாப்பிடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையைத் தொடங்கினேன். ஆக்னஸிடம் சொல்லவில்லை. போனில் பேசும்போது இடையிடையே, "இரு, பால் பொங்குது" என்று வைத்து வைத்து எடுத்தேன். பாலே வாங்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

காய்ச்சல் விட்டது. கூடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றினேன். படுத்துக் கிடந்தது கொஞ்ச நாள்தான், அதற்குள் தொடை துணிபோல் ஆகிவிட்டது. இனி முருங்கை மரத்திலும் நிற்க வேண்டியிருக்கும். கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. பன்னிரண்டாவது மாடி அப்படித்தான் இருக்கும். மறுபடி மேசையைச் சுற்றினேன்.

மார்ச் 30, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். பெரிய வெள்ளியன்று ஊர் கூடித் தெருவழியே சிலுவைப்பாதை போவது எங்கள் கோயில் பங்கின் வழக்கம். ஆண்டவர் சிலுவை சுமந்து போனதை நினைத்துப் பதினாலு ஸ்தலங்களில் நின்று, முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். பெரிய தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியிருப்பதால், இந்த வருஷம் மிக்கேல் தெரு வழியாகவாம். நல்லது என்று நினைத்தேன். தொடர்ந்து வாசித்தார்.

"பதினாலு ஸ்தலங்களுக்கான இடங்களை நமது மூத்த சகோதரி, தாசில்தாரம்மா கிளாரா அவர்கள், தவக்காலத்தின் தொடக்கத்திலிருந்தே தினமும் அதிகாலையில் தனியாக நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று ஜெபித்து, தேர்ந்து கொடுத்திருக்கிறார்கள்."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டவும் ஆரம்பித்தார்கள். தவக்காலத்தில் கைதட்டக் கூடாது என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச் 31, திங்கள்

பாக்கியமேரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இறங்கினேன். அவள் சாக்கடைத் திருப்பத்தில் நின்று இரண்டு ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். சாக்கடைக்கு மூடி போட்டாகிவிட்டது. நான் இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து மூடி கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் கணவர்.

"ஒங்க ஸ்தலம் ஏழுதாம்மா தேறிச்சு. மீதிய நாங்களே போட்டுக்கிட்டோம். தப்பில்லியே?"

"பாக்கியம், அது வந்து..."

"இந்தத் தெருவுல ஆண்டவர் நடந்து வாறதுக்கு நமக்குக் குடுப்பினை இருக்குன்னு யாரு நெனச்சா? காலங்காலமா பெரிய தெருக்காரங்கதானே பவுசு காட்டுவாங்க!" கண் கலங்கியிருந்தாள்.

மூடியை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

உடம்பு தேறிவருகிறது. டாக்டர் சொன்னது சரிதான்: நெஞ்சு மாறவில்லை, கால் மாறியிருக்கிறது. சைக்கிள் கடையை நிற்காமலே கடந்தேன். பின்னாலிருந்து சுடலை கூப்பிட்டான்.

"எம்மா! இன்னிக்கு நம்ம கடையில நிக்கலியா?"

திரும்பிப் பார்த்தேன். குளித்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நிற்கிறான். நெற்றியில் திருநீறு. வாசலில் அவன் மனைவி சிலுவைக் கோலம் போட்டிருந்தாள். திரும்பிப் போய் நின்றேன். மூச்சுவாங்காமல் நிற்பது எவ்வளவு அலுப்பான வேலை!

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு பவனியில் பாதிவரை போனேன். போதும்.

ஏப்ரல் 16, புதன்

ஆக்னஸ் வந்துவிட்டாள். படியேறும்போது பின்னாலேயே வந்தாள். மாதா படத்தருகே நான் நிற்கவில்லை. மேலே போனதும் நாற்காலியில் உட்காராமல் சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே கதவுக்குப் பின்னால் நின்றதை எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஆக்னஸ் என்னோடு காலையில் நடந்தாள். சைக்கிள் கடையில் நின்றேன். சாக்கடைத் திருப்பத்தில் நின்றேன். ஏற்றத்தில் நின்றபோது அவள் என் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். தெருவில் வைத்து.

வீட்டுக்கு வந்தபின்தான் வாயைத் திறந்தாள்.

"நீங்க மூச்சுக்காக நிக்கிறீங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அது தெரியல."

"தெரிஞ்சு என்ன ஆகணும்?"

"நாளைக்கு அந்த ஏத்தத்துல நீங்க விழுந்தா, ஜெபம் பண்றாங்கன்னு சுத்தி நின்னு கும்பிடுவாங்கம்மா! யாரும் தூக்க மாட்டாங்க!"

சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன். நீங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகல. சொன்ன மாதிரி நடந்திருக்கீங்க. அதை ஒத்துக்கிறேன். ஆனா நீங்க இங்க இருக்கணும்னா, இந்தத் தெருவுல ஒருத்தருக்காவது என்ன நோய், என்ன மருந்துன்னு தெரிஞ்சிருக்கணும். நீங்களே சொல்லணும். இல்லன்னா திங்கக்கிழமை என்கூட ரயில்."

"இது சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வர்ற நோய்னு ஊரெல்லாம் பேசும்."

"பேசட்டும். நீங்க குடிக்கல."

"அதைத்தான் சொல்றேன்" என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்களைக் கழுவினாள். அவளாகக் கழுவியது, மறுபடி கழுவ வேண்டியிருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சிலுவைப்பாதை புறப்பட்டது. அவ்வளவு கூட்டத்தை மிக்கேல் தெரு கண்டதில்லை. மாறி மாறி ஆண்கள் சிலுவையைத் தூக்கினார்கள். சுடலையும் தோள் கொடுத்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் இடங்களில் எல்லாம் மேசை போட்டு, வெள்ளை விரித்து, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஊர் நின்றது. மண்டியிட்டது. நான் எங்கே நின்று சுவரை முறைத்தேனோ அங்கே குழந்தைகள் கண்ணை மூடியிருந்தார்கள். இப்படி நின்று நின்று போகிற கூட்டத்தில் எனக்குக் கஷ்டமே இல்லை. என்னைப் போலவே பலரும் நிற்பதற்காகக் காத்திருந்ததைக் கவனித்தேன். பாக்கியமேரியின் மாமனாரும், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் தடித்த உபதேசியாரும், நிறைமாதப் பெண் ஒருத்தியும். ஸ்தலம் வந்ததும் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதி பக்தி மட்டும் அல்ல. எனக்குத் தெரியாதா அந்த முகம்?

ஏற்றத்தில், ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற ஸ்தலத்தில், என்னை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் வினை. ஏறி வந்த இளைப்பு அடங்குமுன் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று வார்த்தைக்குமேல் சேர்ந்தாற்போல் வரவில்லை. "அவர் எழ முயன்றார்" என்று சொல்லி நின்றேன். "மறுபடியும்" என்று சொல்லி நின்றேன். எனக்கு எதிரே இருந்த பெண்கள் விசும்பத் தொடங்கினார்கள். நான் நிறுத்த நிறுத்த அழுகை கூடியது. ஃபாதரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆக்னஸ் மட்டும் அழவில்லை. என் பின்னால் வந்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டல் பிழையால் எனக்கு அதிகமாக விழுந்த மார்க்கை நானே எழுந்து திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்களின் அழுகையை எப்படி வைத்துக்கொள்வது?

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன்.

பாக்கியமேரியை மாடிக்குக் கூப்பிட்டேன். கையெல்லாம் மாவோடு வந்தாள். ஆக்னஸ் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வாங்க ஒன்றும் இல்லை.

"உட்காரு. ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா, மேச விரிப்பு சரியில்லியா? நான் அப்பவே சொன்னேன், கஞ்சி போடுங்கட்டின்னு."

"எனக்கு நுரையீரல்ல நோய். ஆறாது. அந்த இடங்களை நான் தேர்ந்தெடுக்கல. அங்கெல்லாம் எனக்கு மூச்சு முட்டிச்சு, நின்னேன். அவ்வளவுதான்."

விழித்தாள். "அப்ப முக்காட்டுக்குள்ள ஜெபம்?"

"ஊதினேன்."

"ஊதுனியளா!"

"உதட்டைக் குவிச்சு ஊதணும். ஆஸ்பத்திரில சொன்னது."

வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், எழுந்து போய் எல்லோரிடமும் என்னை ஏமாற்றுக்காரி என்பாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் மாவு.

"எம்மா, நான் ஃபாதர்ட்ட வானத்துலருந்து சம்மனசு வந்து ஒங்களுக்கு எடம் காட்டுதுன்னுல்லா சொல்லி வச்சிருக்கேன்! எங்க மாமா அத்தன எடத்துலயும் முட்டி போட்டு எந்திரிச்சு, ராத்திரி பூரா தைலம் தேச்சுக்கிட்டுக் கெடக்காரு. ஒங்க மூச்சுக்கா?"

"ஃபாதர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஒண்ணும் பேசாண்டாம். ஆண்டவர் மட்டும் சும்மாவா நின்னாரு அந்த ஏத்தத்துல? மூச்சு வாங்கித்தானே நின்னாரு."

"அவரோட என்னை ஒப்பிடாதே. அது தெய்வ நிந்தனை."

"சரி, ஒப்பிடல." மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இது இழுப்பா?"

"இல்ல. சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வர்றது."

"நீங்க..."

"நான் இல்ல" என்றேன்.

சுவரில் மாலையோடு தொங்கிய என் கணவர் படத்தை நாங்கள் இருவரும் பார்க்காமல் இருந்தோம். அவர் நல்ல மனிதர். நான் வாசிப்பதற்காக மாலை முழுவதும் தம் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருப்பார். ஜன்னலைச் சாத்தச் சொன்னவள் நான்தான், கொசுவுக்காக.

பிறகு பாக்கியமேரி எழுந்து, "மருந்து எங்க வச்சிருக்கிய? எடுத்துக் காட்டுங்க" என்றாள். வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலரை எடுத்தேன். "எப்படி அமுக்கணும்?" என்றாள். காட்டினேன். இரண்டாம் தடவையே சரியாகச் செய்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே."

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்?"

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பூசைக்குப் பிறகு கைகுலுக்கியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தார்கள். உபதேசியார் மட்டும் கிட்டே வந்து, எந்த டாக்டர் என்று கேட்டார். அவருக்கும் ஏற்றத்தில் இளைக்கிறதாம், இரண்டு வருஷமாக.

ஆட்டுக்கறியில் உப்பு குறைவு. ஆக்னஸ் சமையல்.

ஏப்ரல் 21, திங்கள்

ஆக்னஸ் ரயிலேறினாள். தனியாகத்தான். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, கதவருகே நின்றபடி, "டாக்டரைப் பாக்கப் போறப்ப எல்லாத்தையும் சொல்லுங்கம்மா" என்றாள்.

"யோசிக்கிறேன்."

"யோசிக்கிறேன்னா?"

"சொல்றேன்" என்றேன். ரயில் நகர்ந்துவிட்டதால் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இறங்கியதும் பார்த்தேன். சைக்கிள் கடை முன்னால் ஒரு நாற்காலி. சாக்கடைத் திருப்பத்தில் ஒரு முக்காலி. டிரான்ஸ்ஃபார்மர் அருகே யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோ, கை உடைந்தது. முருங்கை மரத்தடியில் மாவுக்கடை பெஞ்சு. தெருவை அடைத்துக்கொண்டு கல்யாண வீடுபோல் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. நான் நடக்கிறவள், உட்கார்கிறவள் இல்லை. சுடலை "இரிங்கம்மா" என்றான், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனேன். முக்காலியையும் தாண்டினேன். பெஞ்சையும் தாண்டினேன். ஒவ்வொரு வாசலிலும் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் முறைக்கவில்லை. முறைக்க இனி ஒன்றும் இல்லை.

ஏற்றத்தில் பாதியில் மூச்சு போயிற்று. அங்கேயும் ஒரு மர நாற்காலி கிடந்தது, ரேஷன் கடைக்காரருடையது. அவர் வாசலில் நின்றிருந்தார். உட்கார்ந்தேன். முக்காட்டை இழுக்கவில்லை. உதட்டைக் குவித்து, எல்லோரும் பார்க்க, மெல்ல ஊதினேன். அடங்கும்வரை ஊதினேன்.

நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஆடுகிறது. நாளைக்குள் சரிசெய்து வைக்கச் சொல்லிவிட்டு, எழுந்து நடந்தேன்.